கரணைக்கு ஆண்பால் உண்டோ?

கட்டடம் எழும் இடங்களில் நாம் நாளும் காணும் காட்சி இது: கைவேலைக்கு வந்த இளைஞன் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனாராகிறான். அவனுக்கு முன்பே சாந்துச் சட்டி சுமந்த பெண்ணோ, தலை நரைத்த பின்னும் சித்தாள்தான்!

'பெண் மெல்லியலாள், அவளால் ஆகாது' என்கின்றனர். செங்கல்லைத் தலையில் ஏற்றிச் சாரம் ஏறுபவள் அவளன்றோ? மென்மை காரணமெனில், பெருஞ்சுமையை அவள் தலையில் வைத்தது எந்த நீதி? 'திறமைக்கே உயர்ந்த கூலி' என்பாராயின், அத்திறமையைக் கற்கவிடாதவர் யார்?

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஒரே கூலி என்றது. 1987ஆம் ஆண்டுத் திருத்தம், பயிற்சியிலும் பதவி உயர்விலும் பேதம் கூடாதென்றது. ஆயினும், வேலையையே இரண்டாக்கி, ஒன்றில் பெண்ணை அடைத்துவிட்டால், அவள் கூலியை எந்த ஆணின் கூலியோடு ஒப்பிடுவது? கூலி நாளில் தெரியும் அநீதி, கற்பிக்க மறுத்த நாளிலேயே பிறந்துவிடுகிறது.

பிறப்பால் தொழில் என்பதை மறுக்கும் நாம், பாலால் தொழில் என்பதை மட்டும் ஏற்கலாமா? நம் வீட்டுச் சுவர் எழும்போதேனும் மேஸ்திரியிடம் கேட்போம்: "இந்த அம்மாளுக்குக் கரணை பிடிக்கக் கற்றுத் தந்தீரா?"