கை காட்டியது எதை?

வார்த்தை பொய் சொல்லும், உடல் பொய் சொல்லாது என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. மைம் பார்த்தவர்களுக்கு அது நிற்காது. பிரெஞ்சுக் கலைஞர் மார்சேல் மார்சோ காற்றில் உள்ளங்கையைப் பதித்தால் அங்கே சுவர் எழும். உண்மையில் சுவரே கிடையாது. ஆனாலும் யாரும் ஏமாறவில்லை. சுவரில் பாதியைக் கட்டியது பார்ப்பவர்கள்தான்.

எனக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பேசாத ஒருவரின் கதையை முடித்து வைக்கும் உரிமை பார்ப்பவருக்கு எங்கிருந்து வந்தது?

மேடையில் இந்தக் கேள்வி யாரையும் காயப்படுத்தாது. வீட்டில் அப்படியில்லை. பக்கவாதத்தில் பேச்சு போன பிறகு என் பாட்டி இரண்டு வருடம் இருந்தார். இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டுவார். "தோட்டத்து வீட்டுக்குப் போகணுமாம்" என்பார் பெரியம்மா. "என் வீட்டுக்கு வரேங்கிறாங்க" என்பார் மாமா. "கதவ சாத்தச் சொல்றாங்க" என்பாள் தங்கை. ஒரே கை, மூன்று கதை. கடைசியில் மாமாவின் கதைப்படி பாட்டி வீடு மாறினார்.

மார்சோவின் 'முகமூடி செய்பவர்' என்ற காட்சியில் ஒருவன் முகமூடிகளை மாற்றி மாற்றி அணிகிறான். நிஜ முகமூடி எதுவும் இல்லை, அவர் முகம்தான் மாறும். சிரிக்கும் முகமூடி ஒன்று கழற்ற முடியாமல் ஒட்டிக்கொள்கிறது. முகம் சிரிக்க, உடம்பு தவிக்கிறது. முகத்தோடு நின்றுவிட்டவருக்கு அது வேடிக்கை. கையையும் தோளையும் பார்த்தவருக்குத்தான் அவன் படும் பாடு புரியும்.

மார்சோ 1923இல் பிறந்த யூதர். அவருடைய அப்பா ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அந்தத் துயரம்தான் இந்தக் காட்சி என்று எழுதிவிட எனக்கும் கை பரபரக்கிறது. ஆனால் அதுவும் நான் முடித்து வைக்கும் கதைதானே?

ஊகிக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஊகிக்காமல் பாட்டிக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்திருக்க முடியாது. "எனக்கு அப்படித் தோணுது" என்பது ஊகம். "அவங்களே சொல்லிட்டாங்க" என்பது அபகரிப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன வேலை: ஊகித்ததை அவரிடமே திரும்பக் காட்டி, தலை அசைகிறதா என்று காத்திருப்பது.

மைம் கலைஞர் வணங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கினால் பேசிவிடலாம். பாட்டிக்கு இறங்க இடமில்லை.