வலிக்காது என்றவர்

திகில் கதை எழுதுகிறவரா, சின்ன வயதில் எதையோ பார்த்து மிரண்டிருப்பார் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஸ்டீபன் கிங்குக்கு அப்படியொரு சம்பவம் தோதாகவே இருக்கிறது. நான்கு வயதில் கூட விளையாடிய பையன் சரக்கு ரயிலில் அடிபட்டுச் செத்தான். இவர் பேச்சற்று வீடு வந்து சேர்ந்தார். ஆனால் அது அம்மா சொல்லித் தெரிந்ததுதான். அவருக்கு எதுவும் நினைவில்லை. தன் கதைகளின் வேர் அதுதான் என்று சொன்னால் ஒப்புக்கொள்வதுமில்லை.

நன்றாக நினைவிருப்பது வேறு. ஆறு வயதில் காதுக்குள் சீழ். வலிக்காது என்று சொல்லியே டாக்டர் செவிப்பறையில் ஊசியைக் குத்தினார். உயிர் போகிற வலி. அடுத்த முறையும் அதே பேச்சு, அதே ஊசி.

இப்படி ஏமாற்றிய பெரியவர் அவர் ஒருவர்தானா? கிங்குக்கு இரண்டு வயதானபோது, சிகரெட் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய அப்பா திரும்பவே இல்லை. அம்மா ரூத் சலவைக்கூடம், பேக்கரி என்று கிடைத்த வேலையெல்லாம் செய்து இரண்டு பையன்களை ஆளாக்கினார். அப்பா விட்டுப்போன பெட்டியொன்று பிறகு உறவினர் வீட்டுப் பரணில் அகப்பட்டது. உள்ளே லவ்கிராஃப்டின் பேய்க்கதைப் புத்தகம். சொத்து என்று வந்தது அதுதான்.

அவர் நாவல்களில் பேயைவிட என்னை உறுத்துவது பெரியவர்கள்தான். ‘கேரி’யில் (1974) பெற்ற தாயே மகளை அலமாரி அறைக்குள் அடைத்து வைக்கிறாள். ‘இட்’டில் (1986) கோமாளி உருவில் வருகிற பிசாசைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு மறக்காதது ஒரு சின்ன இடம்: ஒரு சிறுமியை முரடன் ஒருவன் தெருவில் மடக்கும்போது, வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்த மனிதர் பார்க்கிறார், பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்.

‘தி ஷைனிங்’கில் (1977) பெற்ற மகனையே கொல்லத் துரத்துகிறார் குடிகார அப்பா. அதை எழுதிய காலத்தில் கிங்கும் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் சின்னக் குழந்தைகள். அந்த அப்பா தானேதான் என்பது எழுதும்போது உறைக்கவில்லை என்று பின்னாளில் சொன்னார். எழுத்தறையில் கிடந்த பீர் டப்பாக்களையும் போதைச் சாமான்களையும் மனைவி டபிதா பையில் அள்ளிவந்து, வேண்டியவர்கள் எல்லோர் முன்னாலும் கொட்டிக் காட்ட, இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.