சூடு கண்ட பூனை

முதல் ஊசிக்குப் பெரிய தைரியமெல்லாம் வேண்டியதில்லை. என்ன வரப்போகிறது என்று தெரியாது. கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் முடிந்தது. இரண்டாவது ஊசிதான் ஆளைச் சோதிக்கிறது. அதற்குள் உடம்பு தனக்கென்று ஓர் அபிப்பிராயத்தை ஏற்படுத்திக்கொண்டுவிடுகிறது.

நான் போட்டுக்கொண்டது அக்கிக்கான தடுப்பூசி. ஷிங்க்ரிக்ஸ் என்ற பெயரில் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு இரண்டு டோஸ். இடையில் இரண்டு முதல் ஆறு மாதம் விட வேண்டும். முதல் டோஸ் போட்ட அன்று ராத்திரி குளிர் தூக்கிப்போட்டது. தோளிலிருந்து கை கழன்றுவிடும் போல வலி. மறுநாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். அதற்கடுத்த நாள் எழுந்து, குளித்து, தோசை வார்த்துச் சாப்பிட்டேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் இரண்டாவது டோஸுக்கு நாள் நெருங்க நெருங்க எனக்கு வேறு வேலைகள் முளைத்தன. சித்தி பேத்திக்குக் காதுகுத்து, பிறகு ஆடி மாதம், பிறகு மழை. "ஆடியில கல்யாணம் பண்ண மாட்டாங்க சரி, ஊசி போட்டா என்னம்மா?" என்று மகள் போனில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அந்தப் பூனையிடம் காரணம் கேட்டால் அது மட்டும் என்ன சொல்லிவிடும்?

எங்கள் பக்கத்தில் சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வீட்டில் தாளிப்புச் சத்தம் கேட்காது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, ஆத்தா இறங்கிப் போய்விட்டாள் என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். உண்மையில் வந்தது போவதில்லை. அம்மைக் கிருமி முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒதுங்கி, ஐம்பது அறுபது வருஷம்கூடச் சும்மா கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதாவது ஒரு நரம்பின் வழியாகக் கிளம்பித் தோலுக்கு வரும். அதுதான் அக்கி. பழைய அம்மையே உள்ளே தங்கியிருந்து அக்கியாகத் திரும்புகிறது என்ற கருத்தை 1965இல் ஆதாரங்களோடு முன்வைத்தவர் எட்கர் ஹோப்-சிம்சன். பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் அல்ல. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊரின் குடும்ப வைத்தியர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பல ஆண்டுகள் ஒருவர் விடாமல் குறித்துவைத்தே இதைக் கண்டார். குறிப்பு எழுதும் பழக்கமுள்ள டாக்டர்கள் மீது எனக்கு அதனாலேயே தனி மரியாதை உண்டு.

என் அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயதில் அக்கி வந்தது. விலாவில் ஒரு பக்கமாகப் பட்டை போட்டதுபோல் கொப்புளங்கள். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதிவிட்டுப் போனார். சில நாளில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. பெருமை அவருக்குப் போய்ச் சேர்ந்தது. வலி மட்டும் போகவில்லை. ரவிக்கை உரசினால் துடித்துவிடுவார். மின்விசிறிக் காற்றுக்கூட ஆகவில்லை. புண் ஆறிய இடத்தில் என்ன வலி என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. வயசானவர் சொல்வதுதானே என்று நாங்களும் இருந்தோம். அக்கி வந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவராவது இப்படி மாதக்கணக்கில் நரம்பு வலியோடு அல்லாடுகிறார்கள், வயது ஏற ஏற இந்த விகிதமும் ஏறுகிறது என்பதெல்லாம் நான் பின்னாளில் தெரிந்துகொண்டது. முதல் டோஸுக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது எந்தப் புள்ளிவிவரமும் அல்ல, அந்த ரவிக்கைதான்.

இப்படி ஒரு வலியைக் கண்ணால் பார்த்தவளே ஒரு ராத்திரிக் காய்ச்சலுக்குப் பயந்து நாளைத் தள்ளினேன் என்றால், எதையும் பார்க்காதவர்கள் தள்ளுவதில் என்ன அதிசயம்?

ஊசி போட்ட நர்ஸ் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றாள். ஊசி ஏறிய நேரத்தைப் பற்றி அவள் சொன்னது சரியே. ராத்திரியைப் பற்றி அவளும் சொல்லவில்லை, பில் போட்டவரும் சொல்லவில்லை. இந்தத் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கிடையாது; கிருமியின் ஒரே ஒரு புரதம். அதோடு உடம்பைத் தட்டி எழுப்புவதற்கென்று ஒரு துணைப்பொருள் சேர்க்கிறார்கள். அதில் ஒரு கூறு சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து வருகிறது. அந்தப் பட்டையை நுரைக்கவைத்துத் துணி துவைப்பது அங்கே பழைய வழக்கம். வயதானவர்களின் தூங்குமூஞ்சி எதிர்ப்புச் சக்தியை எழுப்ப வேண்டும் என்பதால் மருந்து சற்றுக் கடுமையாகவே தட்டுகிறது. மருந்தைச் சோதித்த பெரிய ஆய்வுகளில், போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்கு வலியோ காய்ச்சலோ வந்திருக்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்தும் இருக்கிறது. இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அன்றைய குளிரை நான் எதிர்பார்த்துப் படுத்திருப்பேன். சொல்லாததால், எனக்கு மட்டும் ஏதோ விபரீதமாகிவிட்டது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். போட வருகிறவர்கள் பயந்து ஓடிவிடக் கூடாதே என்று மறைக்கிறார்கள். முதல் டோஸுக்கு அந்தத் தந்திரம் பலிக்கும். இரண்டாவது டோஸில் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

2021இல் கொரோனா ஊசியின்போது நாம் எல்லோரும் இதைப் பார்த்தோம். கோவிஷீல்டின் இரண்டாவது டோஸ் நாலு வாரத்தில் என்றார்கள். மார்ச்சில் அது ஆறு முதல் எட்டு வாரமானது. மே மாதத்தில் பன்னிரண்டு முதல் பதினாறு வாரமானது. இடைவெளி கூடினால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரம் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் கையிருப்பும் இல்லாததால், ஜனங்கள் ஆதாரத்தைப் பார்க்காமல் கையிருப்பைப் பார்த்தார்கள். அந்த ஏப்ரலில்தான் நடிகர் விவேக் கோவாக்சின் போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பில் விழுந்து, அதற்கடுத்த நாள் இறந்தார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு மாதங்கள் கழித்து அறிவித்தது. எங்கள் தெருவில் அந்தச் சேதி எத்தனை பேரை எட்டியது என்று கேட்டால், எட்டவில்லை என்பதுதான் பதில். "ஒண்ணு போட்டாச்சுல்ல, போதும்கா" என்று அன்று சொன்ன பக்கத்து வீட்டம்மா, அதே வாக்கியத்தை இப்போது அக்கி ஊசிக்கும் சொன்னார். அப்போது அவரோடு வாதாடியவள் நான்.

வலி நினைவில் எப்படித் தங்குகிறது என்று டேனியல் கானமனும் டொனால்ட் ரெடல்மையரும் 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடலுக்குள் குழாய் விட்டுப் பரிசோதிக்கப்பட்டவர்களிடம், வலித்தபோதே எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பிற்பாடு நினைவுகூரவும் சொன்னார்கள். எவ்வளவு நேரம் வலித்தது என்பது நினைவில் அநேகமாக இல்லை. உச்சத்தில் வலித்ததும் கடைசியில் வலித்ததுமே நின்றன. என் கணக்கும் அப்படித்தான். ஒன்றரை நாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, நடுராத்திரியில் பல் கிட்டிய ஒரு மணி நேரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதுவே மறுபடியும் நடக்கும் என்றும் நம்புகிறேன். முதல் டோஸில் பட்ட பாட்டை வைத்து இரண்டாவதில் என்ன ஆகும் என்று சொல்லிவிட முடியாது என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். கூடவும் செய்யலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

நோய் பக்கத்தில் நின்றால் இந்த யோசனைக்கெல்லாம் இடமிருக்காது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட காலம் என் தலைமுறைக்கு ஞாபகமிருக்கும். ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அதைத் தயாரித்தார்கள். எங்கள் ஊரில் அழுதுகொண்டே போய் முழுக்கப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. இன்று கையில் நாலைந்து ஊசிதான், வலியும் பெரிதில்லை. ஆனாலும் மூன்றோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "நாய் உசுரோடதானே சுத்துது" என்பார்கள்.

கடைசியில் டாக்டரிடமே போய்க் கேட்டேன். "ஒண்ணோட நிறுத்திக்கலாமா டாக்டர்?"

"நிறுத்தலாம்மா, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. எதுக்காக நிறுத்துறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

முகம் வீங்கியதா, மூச்சு இழுத்ததா, உடம்பெல்லாம் தடித்ததா என்று கேட்டார். கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் இரண்டாவது டோஸ் கூடவே கூடாதாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. கை கால் மரத்துப் பலவீனமாகும் கில்லன்-பாரே என்ற நரம்புக் கோளாறு பற்றிக் கேட்டேன். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் பத்து லட்சம் டோஸுக்கு மூன்று பேர் அளவில் கூடுதலாக வரலாம் என்று அமெரிக்காவில் மதிப்பிட்டிருப்பதை ஒளிக்காமல் சொன்னார். ஒரு டோஸால் பலனே இல்லையா என்றேன். அங்கே மூத்த குடிமக்களின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்ததில், ஒரு டோஸ் 57 சதவீதமும் இரண்டு டோஸ் 70 சதவீதமும் காத்ததாகத் தெரிந்தது. ஆறு மாதம் தாண்டிப் போட்டவர்களுக்கும் பலன் குறையவில்லை. "ஒண்ணே வீண்னு சொல்ல மாட்டேன். ஒண்ணு போட்டவங்களுக்கு எத்தனை வருஷம் தாங்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ரெண்டு போட்டவங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்திருக்காங்க" என்றார். இரண்டு போட்டவர்களைப் பதினோரு ஆண்டு வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். அப்போதும் பாதுகாப்பு 80 சதவீதத்தை ஒட்டியே இருந்தது.

போடலாமா வேண்டாமா என்ற இந்தத் தலைவலியே வேல்ஸ் நாட்டில் சிலருக்கு இல்லாமல் போனது. 2013இல் அங்கே பழைய வகை அக்கித் தடுப்பூசியைக் கொடுக்கத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கே தகுதி என்று வகுத்தார்கள். ஒரு நாள் முந்திப் பிறந்தவர்களுக்குக் கடைசிவரை கிடையாது. ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய வரமாகிவிட்டது. ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுகிறவர்களாக இருப்பார்கள். அவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டால் எது ஊசியின் பலன், எது சுபாவத்தின் பலன் என்று பிரிக்க முடியாது. இங்கே பிரித்தது பிறந்த தேதி. ஊசி போட்டவர்களிடம் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதாக 2025இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அது வேறு மருந்து என்பதால் என் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. ஆனால் பிறந்த தேதியே முடிவெடுத்துக் கொடுத்துவிட்ட அந்தக் கிழவர்களை நினைத்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து, என் காரணங்களிலிருந்து அந்த ராத்திரியைக் கழித்துப் பார்த்தேன். மிஞ்சியது காசு ஒன்றுதான். ஒரு டோஸ் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது கிடையாது. என் பென்ஷனில் அது வலிக்கும், ஆனால் முடியும். வரும் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஞாயிறு சமையல் இல்லை என்று வீட்டில் சொல்லியாயிற்று.

விஷயம் தெரிந்து தம்பி போன் செய்தான். உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். அவனுக்கும் ஐம்பத்தைந்து ஆகிறது. "ரொம்ப வலிக்குமாக்கா?" என்றான். ஒரு ராத்திரி காய்ச்சல் தூக்கிப்போடலாம், மறுநாள் லீவு போட்டுக்கொள் என்றேன். விலையைக் கேட்டான். சொன்னேன்.

"ரெண்டு டோஸும் சேர்த்தா?"

"ஒண்ணுக்கு."

"அப்ப எனக்கும் அவளுக்கும் நாலு ஊசி. நாப்பதாயிரம்" என்றான். காய்ச்சலைப் பற்றி அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.