ஆறுதல் சொல்லும் அதிகாரம்

ஒருவர் மந்திரத்தைப் பிழையின்றி ஓதுகிறார். மறைநூலில் எந்த இடத்தைக் கேட்டாலும் உரையோடு சொல்கிறார். ஒழுக்கத்திலும் குறை சொல்ல இடமில்லை. அவரிடம் ஒரு தாய் வந்து, கணவனிடம் அடிபடும் தன் மகளைப் பற்றிச் சொல்லி வழி கேட்கிறாள். ‘பொறுத்துப் போகச் சொல்லம்மா’ என்று அவர் சொன்னால், அது ஆண்டவன் சொன்னதாகவே அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். மகளின் உயிரே அதில் அடங்கியிருக்கலாம். இத்தகைய அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் அவருக்கு எதைக் கற்பித்திருக்க வேண்டும்?

சமயங்கள் பயிற்சியை இலேசாக எண்ணியவை அல்ல. படிப்பில்லாத குருக்களால் விளைந்த சீர்கேட்டைக் கண்டபின், கத்தோலிக்கத் திருச்சபை 1563-இல் திரெந்து பொதுச்சங்கத்தில், மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்று விதித்தது. இன்று மெய்யியலும் இறையியலுமாக ஆறாண்டுகளுக்குக் குறையாமல் படித்தே ஒருவர் குருவாக முடியும். இஸ்லாமிய மார்க்க அறிஞருக்கான ஆலிம் பட்டத்துக்கு அரபு இலக்கணம், ஹதீஸ், ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்டம் என்று மதரசாவில் பல ஆண்டுகள் ஓடும். ஆகமப் பாடசாலைச் சிறுவர்கள் குருவின் வாய்மொழியைக் கேட்டுத் திருப்பிச் சொல்லியே வளர்கிறார்கள்.

பௌத்த விநயத்தின் விதி இன்னும் நுட்பமானது. துறவு பூண்ட பிக்கு குறைந்தது ஐந்தாண்டுகள் ஓர் ஆசிரியரைச் சார்ந்தே வாழ வேண்டும். தேர்ச்சி வராதவர் வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். பத்தாண்டு நிறைந்து, தகுதியும் உள்ளவரே பிறருக்கு ஆசிரியராகலாம். காலம் கடந்தும் தகுதி வராமற்போகலாம் என்று ஒரு சமயம் தன் துறவிகளைப் பற்றியே ஒப்புக்கொண்டது பெரிய நேர்மை.

பக்திக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குக் கண்ணப்பர் கதை பெருந்துணை. ஆகமம் அறிந்த சிவகோசரியார் முறைப்படி பூசித்த காளத்திநாதருக்கு, முறை ஏதும் அறியாத வேடர் வாயில் கொணர்ந்த நீரையும் இறைச்சியையும் படைத்தார். தம் கண்ணையே இடந்து அப்பினார். இறைவன் மெச்சியது அவரைத்தான். பெரியபுராணத்தின் அந்தத் தீர்ப்பைக் குறைத்துப் பேச யாராலும் ஆகாது. ஆனால் கண்ணப்பர் இடந்தது தம் கண்ணை. பிறர் கண்ணில் அம்பு வைக்க எந்த அன்பும் அவருக்கு உரிமை தந்திருக்காது. தனக்கும் இறைவனுக்கும் நடுவிலுள்ள அன்புக்குப் பயிற்சி வேண்டியதில்லை. பிறர் வாழ்வுக்கு வழி சொல்பவருக்குக் கட்டாயம் வேண்டும்.

அது எந்தப் பயிற்சி என்பதில்தான் சமயக் கல்வி பெரும்பாலும் தடுமாறுகிறது. ஓதுதலுக்கும் சடங்குக்கும் உரைக்கும் ஆண்டுக்கணக்கில் உழைப்பு. மனம் சிதைந்தவரை அடையாளம் காண, சாக நினைத்து வருபவரிடம் பேச, ‘இது என்னால் ஆகாது, மருத்துவரையும் பாருங்கள்’ என்று சொல்லப் பழக, மிகக் கொஞ்ச நேரம்.

இந்தக் குறைக்கு நாம் கொடுத்த விலை பெரிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்ததில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அவ்வூர் தர்காவில் குணமாகும் என்று நம்பி வந்த குடும்பங்களைக் கொண்டே அத்தகைய காப்பகங்கள் பெருகின. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோவிலுக்கும் மனநலம் வேண்டி மக்கள் வருகிறார்கள். துன்பம் வந்தால் முதலில் கோவில், தர்கா, தேவாலயம் என்று போவது நம் வழக்கம். அங்கே முதலில் எதிர்ப்படுபவருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பதே பலருடைய கதியைத் தீர்மானிக்கிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் ஓதும் பணியாளர்களான முஜாவர்களுக்குப் பயிற்சி தந்து, ஓதிய பின் வளாகத்திலேயே உள்ள மனநல மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு 2008-இல் தொடங்கியது. துவாவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, மருந்தும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் இத்தகைய பயிற்சிக்கு முன்னோடி ஆன்டன் பாய்சன் என்ற போதகர். தாமே மனநோய்க்கு ஆளாகி மீண்டவர். 1925-இல் வொர்செஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே வேலை செய்யவைத்தார். நூலைப் படிக்கும் அக்கறையோடு துன்புறும் மனிதரையும் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வழியில் வந்த பயிற்சி இன்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் உண்டு.

கோவில் அர்ச்சகருக்கு இது பொருந்துமா என்று கேட்பது நியாயமே. அவர் பணி மூர்த்திக்கு உரியது. ஊராருக்கு வழிகாட்டும் பொறுப்பு அவருக்கு விதிக்கப்பட்டதில்லை. தமிழகத்தில் அர்ச்சகர் யார் ஆகலாம் என்ற போராட்டம், 1970-இல் சட்டமன்றம் பரம்பரை உரிமையை நீக்கியது முதல் 2021-இல் பல சாதியினரும் பணியமர்த்தப்பட்டது வரை அரை நூற்றாண்டு நீண்டது. பிறப்பைக் காட்டிக் கதவடைப்பது அநீதி. அந்தப் போராட்டம் தேவையானது. உள்ளே வருபவர் யாரானாலும் என்ன கற்க வேண்டும் என்பதில் மட்டும் அந்தச் சூடு எழவில்லை. பரிகாரம் கேட்டுக் கலங்கி நிற்பவர் அர்ச்சகர் முன்னும் வந்து நிற்கிறார். அவரை வேறு யாரிடம் அனுப்புவது என்றாவது அர்ச்சகர் அறிந்திருக்க வேண்டும்.

குருமடங்களும் மதரசாக்களும் பாடசாலைகளும் இறையியல் கல்லூரிகளும் பட்டம் தருமுன் தம் மாணவர்களைச் சில மாதங்கள் அரசு மருத்துவமனை வார்டிலும் பெண்கள் காப்பகத்திலும் உட்காரவைக்கட்டும். அறிவுரை சொல்ல அல்ல, காதுகொடுத்துக் கேட்க. சபைகளும் ஜமாஅத்துகளும் அறங்காவலர்களும் ஒருவரைப் பணிக்கு அமர்த்தும்போது, எவ்வளவு ஓதியிருக்கிறார் என்று கேட்பதோடு, இதை எங்கே கற்றார் என்றும் கேளுங்கள்.