ஆடாதவளின் துக்கம்

"நீயா ஆடினே? எதுக்கு இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கே?" என்று என் கணவர் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. 2024 அக்டோபர் 20, ஞாயிறு இரவு. அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏவின் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், கூடுதல் நேரம் வரை போராடி, எங்கள் மினசோட்டா லிங்க்ஸ் அணி நியூயார்க் லிபர்ட்டியிடம் 67–62 என்று தோற்றிருந்தது. ஆட்டம் நடந்தது புரூக்ளினில். நாங்கள் இருப்பது மினியாபொலிஸில்.

அவர் கேட்டது பழைய கேள்வி. செயலைச் செய், பயனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. ரசிகை இருப்பதோ அதற்கு நேர் எதிர்த்திசையில். அவள் கையில் ஒரு செயலும் இல்லை. பயன் மட்டும் முழுசாக வேண்டும். திருக்குறளில் ஊழுக்கும் ஓர் அதிகாரம் உண்டு, ஆள்வினைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டும் முயல்கிறவரை வைத்தே பேசுகின்றன. முயற்சியே இல்லாமல் அன்பை மட்டும் வைத்துவிட்டுத் தவிப்பவளுக்கு அங்கே இடம் தெரியவில்லை. அப்படியானால் இந்தத் துக்கம் வெறும் மயக்கம்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தொடரில் வினைக்கும் பயனுக்கும் கணக்கே சரிப்படவில்லை. முதல் ஆட்டத்தில் 18 புள்ளிகள் பின்தங்கிக் கிடந்த லிங்க்ஸ், கூடுதல் நேரத்தில் 95–93 என்று ஜெயித்தது. அன்று கடைசி நொடியில் ஃப்ரீ த்ரோ ஒன்றைத் தவறவிட்டவர் லிபர்ட்டியின் பிரியானா ஸ்டூவர்ட். ஐந்தாவது ஆட்டத்தில், 5.2 நொடிகள் மீதமிருக்க, எங்கள் அணி இரண்டு புள்ளிகள் முன்னால் நிற்கும்போது, அதே ஸ்டூவர்ட்டைத் தடுத்ததற்காக அலானா ஸ்மித் மீது ஃபவுல் ஊதப்பட்டது. எங்கள் பயிற்சியாளர் செரில் ரீவ் மறுபரிசீலனை கேட்டார். முடிவு மாறவில்லை. ஸ்டூவர்ட் இரண்டையும் போட்டார், 60–60. இன்னொரு விசித்திரம்: லிபர்ட்டியின் சப்ரினா அயோனெஸ்கு அன்று 19 முறை எறிந்து ஒரே ஒரு முறைதான் கூடையில் போட்டார். கோப்பை அவர் கைக்கும் வந்தது. எங்கள் நஃபீசா காலியர் 22 புள்ளிகள் எடுத்தார், வெறுங்கையோடு திரும்பினார்.

ஆட்டம் முடிந்ததும் ரீவ், இந்தக் கோப்பை எங்களிடமிருந்து திருடப்பட்டது என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அந்த அணியைக் கட்டியவர் அவர். மறுநாள் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. என்னுடையது என்று ஒன்று இருந்தால்தானே திருட்டுப் போகும்? உடைமை எனக்கில்லை. ஆனால் அநியாயம் என்று சொல்ல உடைமை வேண்டியதில்லை. தெருவில் யாருக்கோ நடக்கும் அநியாயத்தை வழியில் போகிறவர் தட்டிக் கேட்கலாம்.

இதைப் பேசும்போது 2016 நினைவுக்கு வராத லிங்க்ஸ் ரசிகர் இருக்க முடியாது. அதுவும் அக்டோபர் 20தான், அதுவும் ஐந்தாவது ஆட்டம்தான். லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸுக்கு எதிராக, எங்கள் சொந்த அரங்கில். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் 14 நொடி இருக்கும்போது ஸ்பார்க்ஸின் நெகா ஒக்வுமிகே எறிந்த பந்து, எறிவதற்கான நேரக்கெடு முடிந்த பிறகே அவர் கையை விட்டுப் போயிருந்தது. நடுவர்கள் வீடியோவைப் பார்க்கவில்லை, இரண்டு புள்ளிகள் எண்ணப்பட்டன. 77–76, ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அடுத்த நாள், அது தவறு என்று லீக்கே ஒப்புக்கொண்டது.

அன்று எனக்குள் நடந்ததை நான் நிதானமாக யோசித்திருக்கிறேன். கோப்பை திரும்பி வராது என்பது தெரிந்தே இருந்தது. ஆனாலும் அந்த ஒப்புதலுக்காகக் காத்திருந்தேன், வந்ததும் அழுதேன். எதுவும் கிடைக்காது என்று தெரிந்தபின் ஒருவர் எதை விரும்புகிறார் என்று பார்த்தால், அவர் முதலிலிருந்தே எதை விரும்பினார் என்பது தெரியும். நான் விரும்பியது பயனை மட்டுமல்ல. உழைத்தவர்களைப் பற்றி உண்மை சொல்லப்பட வேண்டும் என்று விரும்பினேன். அந்த விருப்பத்துக்குப் பயன் என்று எதுவும் கிடையாது. அதையும் மயக்கம் என்று தள்ளிவிட முடியுமா?

அப்படிச் சொல்லிக்கொண்டால் நானும் உண்மைக்குக் கட்டுப்பட வேண்டும். 2024இல் லிபர்ட்டிக்கு 25 ஃப்ரீ த்ரோ, எங்களுக்கு 8. ஸ்மித்தின் கை பட்டது மிக லேசாக. அந்த நேரத்தில் விசிலை ஊதியிருக்கக் கூடாது என்பதே இன்றும் என் தீர்ப்பு. ஆனால் அந்த விசில் ஆட்டத்தை முடிக்கவில்லை. சமநிலைக்குத்தான் கொண்டுவந்தது. அதன்பின் ஐந்து முழு நிமிடங்கள் இருந்தன. அதில் எங்கள் அணி எடுத்தது இரண்டே புள்ளிகள். முதல் செய்தியைச் சொல்லி இரண்டாவதை மறைக்கிறவர் லிங்க்ஸை நேசிக்கலாம், உண்மையை நேசிக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் நினைக்க வேண்டும். லிபர்ட்டி 1997இல் லீக் தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் அணி. 2024க்கு முன் ஐந்து முறை இறுதிக்கு வந்து ஐந்து முறையும் தோற்றது. 1999இல் ஹூஸ்டனில் டெரேசா வெதர்ஸ்பூன் கடைசி நொடியில் பாதி மைதானத்திலிருந்து எறிந்து அணியைக் காப்பாற்றினார்; மறுநாளே ஹூஸ்டன் ஜெயித்து கோப்பையை எடுத்துக்கொண்டது. பிறகு லிபர்ட்டியை மேடிசன் ஸ்கொயர் கார்டனிலிருந்து பெயர்த்து, நகருக்கு வெளியே வெஸ்ட்செஸ்டரில் ஒரு சின்ன அரங்குக்கு அனுப்பினார்கள். அங்கேயும் தேடிப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. 28ஆவது பருவத்தில் கோப்பை வந்தபோது, 1999இல் துள்ளிக் குதித்தவர்களில் சிலர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் வைத்த அன்பு வீண் என்று எந்தச் சித்தாந்தம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். கோப்பை கிடைப்பதற்கு முன்பே அந்த அன்பு முழுமையாக இருந்தது; வெதர்ஸ்பூன் எறிந்தது எத்தனை அரிய செயல் என்று அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். காணப்படாத செயல், நடந்தும் பாதிதான் நடந்ததாகிறது. ரசிகையின் வினை அதுதான் என்று நினைக்கிறேன்: கண்டதை விடாமல் வைத்திருப்பது.

2024 ஆட்டம் நடந்த அந்த ஞாயிறு காலை நான் மேப்பிள் குரோவ் கோயிலில் வெற்றிக்காக வேண்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மா லூத்தரன் சர்ச்சுக்குப் போகிறவர், எழுபது தாண்டியவர். யாருக்கும் அடிபடக் கூடாது என்று மட்டும் வேண்டினாராம். ஜெயிக்க வேண்டும் என்று கேட்டால், புரூக்ளினில் கேட்பவரை ஆண்டவர் என்ன செய்வார் என்றார். அடுத்த பருவத்துக்கான டிக்கெட்டை அவர் பனிக்காலத்திலேயே வாங்கிவிட்டார். லிங்க்ஸின் ஐந்தாவது கோப்பை உங்களுக்காக வருமா என்று கேட்டேன். "வந்தால் வரட்டும். கூடைக்குக் கீழே காலியர் கால் மாற்றித் திரும்புகிறாளே, அதைப் பார்க்கத்தான் போகிறேன்" என்றார்.