கடமைக்குக் காசு வாங்கலாமா?

சமய வகுப்பு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, காட்டைக் காப்பாத்துறது தர்மம்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் அதுக்கு அரசாங்கம் காசு கொடுக்குது? காசு வாங்கிட்டு செஞ்சா அது எப்படி தர்மம் ஆகும்?"

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் அந்தக் காசு என்ன என்று பார்ப்போம். நம் நாட்டில் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பவை. மரம் வெட்ட அனுமதி கொடுத்தால் பேராக் போன்ற மாநிலத்துக்கு வருமானம் வரும். வெட்டாமல் விட்டால் அந்த வருமானம் போய்விடும். ஆனால் காடு தரும் தண்ணீரும் குளிர்ச்சியும் எல்லாருக்கும் பொது. ஊருக்கே நன்மை, இழப்பு மட்டும் ஒருவருக்கு. இதை ஈடுகட்டத்தான் கூட்டரசு அரசாங்கம் 2019 பட்ஜெட்டில் மாநிலங்களுக்கு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. 2025 பட்ஜெட்டில் அது 25 கோடி ரிங்கிட் ஆனது.

இது லஞ்சமா? இல்லை. சுமையைப் பகிர்ந்துகொள்வது. கீதை பலனில் பற்று வைக்காதே என்கிறது. கூலி வாங்காதே என்று சொல்லவில்லை.

நம் தாத்தா பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவைச் சுற்றிய தோட்டங்களிலும் அவர்கள் பால் வெட்டியது சம்பளத்துக்குத்தான். ஆனாலும் கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம் படும், பட்டை மேடு பள்ளமாக வளரும், பிறகு அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். தண்டல் வந்து பார்ப்பார், உண்மைதான். ஆனால் விடிவதற்கு முன்னால், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் போடும் ஒவ்வொரு வெட்டையும் எந்தத் தண்டல் பார்க்க முடியும்? சம்பளம் கையைக் கொண்டுவந்து சேர்த்தது. கத்தியைப் பதமாகப் பிடிக்க வைத்தது மனசாட்சி.

ஆக, காசு வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் காசு யார் கைக்குப் போகிறது என்பதில் தர்மம் இருக்கிறது.

கிழட்டு ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட்டால் ஆறேழு வருஷம் பால் கிடையாது. அந்தக் காத்திருப்பைத் தாங்க 1952-இல் மறுநடவு நிதி வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது வரி வசூலித்து, மறுபடி நட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பணம் நிலம் வைத்திருந்தவருக்குப் போனது. பால் வெட்டியவருக்கு நிலம் ஏது? பிறகு தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது, எத்தனையோ குடும்பங்கள் லயத்தைக் காலி செய்து, சட்டி பானையோடு பட்டணத்துக்கு நடந்தன. நாற்பது வருஷம் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த மண்ணில் பங்கு இல்லை.

இந்த வலி தெரிந்த நாம் இன்றைக்கு ஒன்று கேட்க வேண்டும். பேராக் காடுகளில் தெமியார், செமாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். காட்டுக்காக வரும் மானியத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா? அன்றைக்கு நமக்காக யாரும் கேட்கவில்லை என்று புலம்புகிற நாம், இன்றைக்கு அவர்களுக்காக வாய் திறக்காமல் இருந்தால் அந்தப் புலம்பலுக்கு என்ன மரியாதை?

இன்னொன்றும் உண்டு. தைப்பிங் பக்கம், கோலா செப்பேத்தாங் போனால் மாத்தாங் சதுப்புநிலக் காட்டைப் பார்க்கலாம். ஏறக்குறைய 40,000 ஹெக்டர். 1900-களின் தொடக்கத்திலிருந்து மரம் வெட்டிக்கொண்டே காப்பாற்றி வரும் காடு அது. ஒரு பகுதியை வெட்டினால் அடுத்த வெட்டு 30 வருஷம் கழித்துத்தான். நடுவில் 15-ஆம், 20-ஆம் வருஷங்களில் நெருக்கமான மரங்களை மட்டும் கழிப்பார்கள். தானாக முளைக்காத இடத்தில் கன்று நடுவார்கள். அங்கே கரிச் சூளைகளுக்குப் போகும் மரத்தை, இன்றைக்கு வேலை செய்கிறவர் நட்டிருக்க மாட்டார். அவர் நடும் கன்றை வெட்டப்போவது இன்னொருவர்.

இதைத்தான் நம் பெரியவர்கள் பித்ரு கடன் என்றார்கள். முன்னோரிடம் வாங்கிய கடனை அவர்களிடமே திருப்பித் தர முடியாது. பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கொடுக்க முடியும். அமாவாசை தர்ப்பணம் அதை ஞாபகப்படுத்துகிறது. ஒரு கன்று நட்டு வளர்ப்பது அதைச் செய்து காட்டுகிறது.

நம் பழைய தோட்டக் கோயில்கள் பலவற்றில் இன்னும் அரசமரமோ வேம்போ நிற்கிறது. தோட்டம் போய்விட்டது, லயம் போய்விட்டது, அந்த மரம் மட்டும் நிற்கிறது. அதைக் காக்க யாரும் மானியம் கொடுக்கவில்லை.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: "காசு வாங்கலாம் தம்பி. பாடுபடுறவங்களுக்கும் அதில் பங்கு போகணும். காசு நின்ன மறுநாளும் வேலை நடக்கணும். அப்படி நடந்தா அது தர்மம். நின்னு போச்சுன்னா, அது வெறும் கூலி வேலை."