அறளை பெயர்ந்தவரிடமும் கேட்கவேண்டும்

யாழ்ப்பாணத்தில் காணியோ வீடோ கைமாறவேண்டுமானால் நொத்தாரிசின் முன்னால் இரண்டு சாட்சிகளை வைத்து உறுதி எழுதவேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து இதுதான் சட்டம். ஒப்பமிடுபவர் இன்னார்தான் என்று சொல்லச் சாட்சிகள் இருக்கிறார்கள். எதற்கு ஒப்பமிடுகிறோம் என்பது அவருக்கு விளங்குகிறதா என்று பக்கத்தில் இருந்து கேட்டறியவென்று தனியே ஒருவரும் இல்லை. மறதிநோய் முற்றிய ஒரு தாயின் பெருவிரலை மையில் ஒற்றி உறுதியில் பதிப்பது ஒரு நிமிட வேலை. அது நியாயமான வேலையா என்பதுதான் கேள்வி.

அந்த விரலைப் பிடிப்பவர் பெரும்பாலும் கெட்டவர் அல்லர். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ மூன்று கிழமை லீவில் வந்த மகனாக இருப்பார். அதற்குள் வீட்டுக்கு ஒரு வழியும் அம்மாவுக்கு ஒரு வழியும் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும். பார்த்துக்கொள்ள வைத்த ஆள் நிற்கவில்லை. கொழும்பில் இருக்கும் மகளுக்கு இடவசதி இல்லை. கைதடியில் முதியோர் இல்லம் இருக்கிறது, அங்கே விட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற யோசனை வேறு. வீட்டை விற்றால்தான் பராமரிப்புச் செலவைத் தாங்கலாம். இத்தனையும் விறாந்தையில் வாட்ஸ்அப் அழைப்பில் அம்மாவை வைத்துக்கொண்டே பேசப்படுகின்றன. அவரிடம் மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டதாமே, கேட்டு என்ன பயன் என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள்.

சட்டத்தின் வழியே போக நினைத்தாலும் அங்கும் அதே நினைப்புத்தான். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889ஆம் ஆண்டினது. அதன்படி, ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர், தன் அலுவல்களைக் கவனிக்க இயலாதவர் என்று மாவட்ட நீதிமன்றம் விசாரித்துக் கண்டால் அவருடைய சொத்துக்கு ஒரு முகாமையாளரையும் ஆளுக்கு ஒரு பாதுகாவலரையும் நியமிக்கலாம். ஆள் முழுதாய் இருக்கிறார், அல்லது முழுதாய் இல்லை என்பதே அதன் பார்வை. பெற்ற தாயைப் பற்றி நீதிமன்றத்தில் அப்படிச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? ஆகவே பல வீடுகளில் அம்மா நன்றாக இருந்த காலத்தில் எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தை வைத்தே காரியம் நடக்கிறது. கொடுத்தவரின் அறிவு மங்கியபின் அந்தத் தத்துவமும் செல்லாது என்பது பலருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை ஒரு படி மேலே போகிறது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் அறிவு பிறழ்ந்தவரானால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும். யாருடைய ஒப்பம் வேண்டும் என்பதில் நம் சட்டங்கள் காட்டியிருக்கும் அக்கறையில் பாதியைக்கூட, அந்த மனிதருடைய விருப்பம் என்ன என்பதில் காட்டவில்லை.

இதே தாய் பிள்ளையோடு கனடாவுக்குப் போய் ஸ்காபரோவில் குடியிருந்தால் நிலைமை வேறு. ஒன்ராறியோவின் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவரால் தன் சொத்தை நிர்வகிக்க முடியுமா என்று மதிப்பிட ஒரு சமூகப் பணியாளர் வரலாம். வந்தவர், தான் எதற்கு வந்திருக்கிறார், இயலாது என்று முடிவானால் என்ன நேரும் என்பதை முதலில் அந்த அம்மாவிடமே சொல்லவேண்டும். மதிப்பீடு வேண்டாம் என்று மறுக்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். அவர் மறுத்தால், நீதிமன்றக் கட்டளை இருந்தாலன்றி, வந்தவர் எழுந்து போகவேண்டியதுதான். இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே ஆற்றலைப் பார்க்கச் சொல்கிறது. ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குப் புத்தியீனமாகத் தோன்றுகிறது என்பதற்காக அவரை ஆற்றலற்றவர் ஆக்கக்கூடாது என்றும் சொல்கிறது. இலங்கையும் 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. சட்டத்தின் முன் எல்லாரும் சமமான ஆட்கள் என்று அதன் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. கொண்டாவிலில் இருக்கும் அம்மாவுக்கு அதனால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு சமூகப் பணியாளர் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. எப்படி வருகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆசுபத்திரி விறாந்தையில், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு கிழவியிடம் ‘இண்டைக்கு என்ன திகதி?’ என்று கேட்டால் அவர் விழிப்பார். அதே கேள்விக்கு வீட்டுத் திண்ணையில் காலைத் தேத்தண்ணியோடு ‘நல்லூர்த் தேர் முடிஞ்சு மூண்டாம் நாளெல்லே’ என்று பதில் வரும். அதைப் பிழை என்று குறித்துக்கொள்பவர் தன் படிவத்தைத்தான் மதிப்பிடுகிறார், ஆளை அல்ல. மகள் பக்கத்தில் இருந்தால் எல்லாக் கேள்விக்கும் மகளே மறுமொழி சொல்லுவாள். ஆகவே கொஞ்ச நேரமாவது தனியே பேசவேண்டும். மைம்மல் நேரத்தில் வந்து பார்த்தாலும் தவறான முடிவுக்குத்தான் வருவார்கள். மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போது குழப்பம் கூடும். ஒரு வலிகாமத்து அம்மா அந்த நேரம் பார்த்து உடுப்புகளையும் உறுதிப் பெட்டியையும் பையில் அடைத்துக்கொண்டு ‘வெளிக்கிடுங்கோ’ என்று படலைக்கு ஓடினால், பைத்தியம் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைக்கலாம். வலிகாமமே இடம்பெயர்ந்து வெளியேறிய 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை அறிந்த பணியாளருக்கு அவர் எங்கே போகிறார் என்று தெரியும். அன்றைக்கும் அவர் உறுதிப் பெட்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. காணியின் பெறுமதி அவருக்கு விளங்காது என்று எழுதமுன் அந்தப் பணியாளர் இரண்டு தடவை யோசிப்பார்.

எதிர்வாதத்தை இலகுவில் தள்ளிவிட முடியாது. கோப்போடு வீட்டுக்குள் வந்து பெயர் பதிந்தவர்களை இந்த மண் நிறையக் கண்டிருக்கிறது. விதானையாருக்கு மேல் இன்னொரு உத்தியோகத்தர் எதற்கு, எங்கள் அம்மாவை எங்களைவிட அவருக்குத் தெரியுமா என்று கேட்கும் பிள்ளையின் கோபத்தில் வரலாறு இருக்கிறது. மறுபக்கத்தில், விருப்பத்தை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒருவரைக் கைவிடவும் முடியும். ‘நான் ஒரு இடமும் வரமாட்டன்’ என்று சொன்னார் என்பதற்காக, அடுப்பை அணைக்க மறக்கும் ஒருவரைக் கட்டுத் தாழ்ந்த கிணறு உள்ள வளவில் தனியே விட்டுவிட்டுப் போவதற்கு மரியாதை என்று பெயரிட முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தால் வழி தெரியும் என்று தோன்றுகிறது. சில முடிவுகளைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு மாதம் மகள் வீட்டில் இருந்து பார்க்கலாம், இரவுக்கு ஒரு ஆளை வைத்துப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் மாற்றலாம். அவருடைய பாதுகாப்புக்காக இவற்றில் குடும்பம் முன்னுக்கு நிற்பதில் பிழையில்லை. வீட்டை விற்பது அப்படியல்ல. விற்ற வளவுக்கு அவர் திரும்பி வரமுடியாது. திரும்ப முடியாத முடிவு எதுவானாலும், அதனால் லாபமோ நட்டமோ இல்லாத ஒருவர் அந்த அம்மாவோடு ஒன்றுக்கு மேற்பட்ட நாட்கள் பேசும்வரை நிற்கவேண்டும். மகனின் லீவு முடிந்துபோகலாம். விமானச்சீட்டின் திகதிக்காக ஒரு மனிதரின் வீட்டைத் தீர்மானிப்பதைவிட, மகன் அடுத்த வருடம் இன்னொரு தடவை வருவது மேல்.

பணியாளர் யாருக்குப் பொறுப்பு என்பதும் முதலிலேயே தெளிவாக இருக்கவேண்டும். பிள்ளைகள் காசு கொடுத்து அழைத்து வருபவர் பிள்ளைகளுக்கு வேண்டியதையே எழுதக்கூடும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரோ வைத்தியசாலை உளநலப் பிரிவின் சமூகப் பணியாளரோ இதைச் செய்யலாம். ஆனால் சட்டம் அந்த வேலையை அவருக்குக் கொடுத்து, அதற்குரிய நேரத்தையும் கொடுக்கவேண்டும்.

பிள்ளைக்கு வீட்டை நன்கொடையாக எழுதும்போது தங்களுக்குச் சீவிய உருத்து வைத்து எழுதும் வழக்கம் யாழ்ப்பாணத்துப் பெற்றோரிடம் பழையது. சாகும்வரை இந்த வாசலில் இருப்பேன் என்று அறிவோடு இருந்த காலத்திலேயே எழுதி வைத்தவரின் விருப்பத்தைத் தேடி வேறெங்கும் போகவேண்டியதில்லை. மதிப்பீட்டுக்கு வருபவர் முதலில் அந்த உறுதியை வாங்கி வாசிக்கட்டும். பிறகு அவரிடம் போய்க் கேட்கட்டும். அவர் சொன்னதைத் தன் அலுவலகத் தமிழுக்கு மாற்றாமல், சொன்ன பேச்சிலேயே அறிக்கையில் எழுதட்டும். குடும்பத்தின் முடிவு அதற்கு மாறாகப் போனால், ஏன் மாறியது என்பதற்கான காரணமும் அதன் கீழே இருக்கவேண்டும்.